கையெழுத்துப் போடும் முன் அளந்து பார்ப்போம்
பள்ளிக்கு வரும் கம்பியில்லா இணைய இணைப்பை நிறுவுவதும் சரிபார்ப்பதும்

ஏப்ரல் மாதத்தில், ஆண்டுத் தேர்வு முடியும் நேரத்தில், எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு இணைய இணைப்பு வந்தது. எங்கள் ஊர் வரைக்கும் கண்ணாடி இழைக் கம்பி வரவில்லை. அதனால் 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு கோபுரத்திலிருந்து காற்று வழியாக இணைப்புக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. இரண்டு பேர் வந்தார்கள். அலுவலகக் கட்டடத்தின் மேல் ஓர் இரும்புக் குழாயை நட்டு, தட்டையான வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். அவர்களில் ஒருவர் தன் கைப்பேசியில் இணைய வேகத்தை ஒருமுறை காட்டிவிட்டு, "லைன் சூப்பரா வந்துடுச்சு சார். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்று பணி நிறைவுச் சான்றை நீட்டினார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். கணினி ஆய்வகப் பொறுப்பு என்னுடையது. "வருதுங்க சார்" என்றேன். கையெழுத்தானது.

ஆகஸ்ட் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு ஆய்வகத்தில் இணையவழி மதிப்பீடு வைத்தோம். முதல் அணியாக 10 மாணவர்கள் 10 கணினிகளில் அமர்ந்தார்கள். முதல் நாள் மாலை பெய்த மழையில் மரங்கள் எல்லாம் நனைந்திருந்தன. பத்து நிமிடத்தில் நான்கு திரைகளில் வட்டம் சுற்றத் தொடங்கியது. எல்லாக் கேள்விகளுக்கும் விடையளித்து முடித்திருந்த ஒரு மாணவி, "மிஸ், நான் முடிச்சுட்டேன். ஆனா அனுப்ப மாட்டேங்குது" என்றாள். அவளுடைய விடைகள் கடைசி வரை போய்ச் சேரவில்லை. மறுநாள் அவள் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

இணைப்புக் கொடுத்தவர்களிடம் கேட்டோம். "நாங்க போட்டப்போ நல்லாத்தானே வந்துச்சு? உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு" என்றார்கள். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. ஏப்ரலில் சிக்னல் எவ்வளவு இருந்தது, வேகம் எவ்வளவு இருந்தது என்று நாங்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. "வருதுங்க சார்" என்ற என் சொல் மட்டும்தான் பதிவு.

அதன்பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்கிறேன். இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கும் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும்.

காற்றில் வரும் இணைப்பு எப்படிச் செயல்படுகிறது?

கைப்பேசியின் ஆன்டெனா சிறியது; எல்லாத் திசையிலும் அலைகளை அனுப்பும்; நாம் நடந்தால் அதுவும் நகரும். நிலையான கம்பியில்லா இணைப்பு அப்படியல்ல. கூரையில் ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும் பெட்டி, கோபுரத்தில் உள்ள ஆன்டெனாவை மட்டும் குறிவைத்துப் பார்த்திருக்கும். இருட்டில் குண்டு பல்புக்கும் டார்ச் விளக்குக்கும் உள்ள வேறுபாடு இது. டார்ச் வெளிச்சம் தொலைவுக்குப் போகும். ஆனால் சரியாகக் குறிவைக்க வேண்டும், குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது.

இத்தகைய இணைப்புகள் இரண்டு வகையில் வருகின்றன. ஒன்று, எங்கள் பள்ளியைப் போல 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோபுரத்திலிருந்து நேராக வருவது. இந்தியாவில் இந்த அலைவரிசையின் பெரும்பகுதி 2018-இல் உரிமம் தேவைப்படாததாக அறிவிக்கப்பட்டது. மற்றொன்று, கைப்பேசி நிறுவனங்களின் 4ஜி, 5ஜி சிக்னலைக் கூரையில் பொருத்திய பெட்டி வாங்கிக் கொடுப்பது. சரிபார்க்கும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் பாதையைப் பாருங்கள்

பெட்டியை மாட்டுவதற்கு முன், பகலில் மொட்டை மாடியில் நின்று கோபுரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் போல மெல்லிய கோடாகப் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் உள்ள வெளி அதற்குத் தேவை. இதற்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். ஒளி அலைக் கொள்கைக்குப் பங்களித்த பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனலின் பெயரால் அமைந்தது. மண்டலத்தின் ஆரத்தில் 60 விழுக்காடாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி.

பாதையில் ஓர் இடத்தில் அந்த ஆரத்தை இப்படிக் கணக்கிடலாம். அந்த இடத்துக்குப் பள்ளியிலிருந்து உள்ள தூரத்தையும் கோபுரத்திலிருந்து உள்ள தூரத்தையும் கிலோமீட்டரில் பெருக்குங்கள். மொத்தத் தூரத்தையும் கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணையும் பெருக்கி, அதனால் முதல் தொகையை வகுங்கள். வரும் விடையின் வர்க்கமூலத்தை 17.3-ஆல் பெருக்கினால் ஆரம் மீட்டரில் கிடைக்கும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டர் பாதையின் நடுவில் இது ஏறக்குறைய 5 மீட்டர்.

எங்கள் பாதையில் பள்ளியிலிருந்து 300 மீட்டரில் ஒரு தேக்குத் தோப்பு இருக்கிறது. மரங்கள் சுமார் 12 மீட்டர் உயரம். கோடையில் தேக்கு இலையுதிர்த்து நிற்கும். ஏப்ரலில் கிளைகளின் ஊடே கோபுரம் நன்றாகத் தெரிந்தது. ஜூன் மாதத்திற்குப் பிறகு அகன்ற இலைகள் அடர்ந்து, மழையில் நனைந்து நின்றபோது அலை தடுமாறியது. "மழை வந்தால் சிக்னல் போய்விடும்" என்று பொதுவாகச் சொல்கிறோம். 5 கிகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டருக்கு மழைத்துளிகளால் ஏற்படும் இழப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் கெடுப்பது நனைந்த இலையும், கம்பி இணைப்புக்குள் புகுந்த நீரும்தான்.

ஆகவே பாதையில் உள்ள மரம் இலையுதிர்க்கும் மரமா, இன்னும் வளரக்கூடிய கன்றா, புதுக் கட்டடம் எழும் இடமா என்று கேட்டு வையுங்கள். ஊர் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு விவசாயி அண்ணன்தான், "டீச்சர், அந்தத் தோப்பு சித்திரையில மொட்டையா நின்னுச்சு. இப்பப் பாருங்க" என்று முதலில் கை காட்டினார்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

நிறுவும் வேலை தொழில்நுட்பப் பணியாளருடையது. உடன் நின்று கவனிப்பது நம்முடைய வேலை.

குழாய் ஆடக் கூடாது. கையால் அசைத்துப் பாருங்கள். ஆடும் குழாயில் காற்றடிக்கும்போதெல்லாம் குறி தவறும். பெட்டிக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியோ தகரக் கூரையோ இருக்கக் கூடாது. மின்கம்பிக்கு அருகில் குழாய் நடக் கூடாது. சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தொலைவு வேண்டும். குழாய்க்கு நில இணைப்பும், கம்பிக்கு மின்னல் பாய்ச்சலைத் தாங்கும் பாதுகாப்புக் கருவியும் இருக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து இறங்கும் கம்பி வெயிலையும் மழையையும் தாங்கும் வெளிப்புற வகையாக இருக்க வேண்டும். நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கட்டடத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் கம்பியைத் தாழ வளைத்துவிட்டால், நீர் உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்சாரமும் இணையமும் ஒரே கம்பியில் போகின்றன. அதற்கான சிறிய அடாப்டரில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று கூரைப் பெட்டிக்கு, மற்றொன்று நம் கணினிக்கு. எது எதற்கு என்று அன்றே ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பெருக்கும்போது கழன்றதை மாற்றிச் செருகி, இணைப்பே வரவில்லை என்று தவிப்பது பல பள்ளிகளில் நடப்பது. அடாப்டரை யு.பி.எஸ். வசதியில் சேர்ப்பது நல்லது.

மாணவர்களை எக்காரணத்துக்காகவும் மாடி விளிம்புக்கோ குழாய் பிடிக்கவோ அனுப்ப வேண்டாம்.

குறிவைக்கும்போது பெட்டியை முதலில் இடவலமாகவும் பிறகு மேல்கீழாகவும் சிறிது சிறிதாகத் திருப்பி, எண் உச்சத்துக்குப் போய் மீண்டும் குறையும் வரை பார்க்க வேண்டும். பிறகு உச்சத்துக்குத் திரும்பி வந்து முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகும் எண்ணைப் பாருங்கள். திருகும்போது பெட்டி விலகியிருக்கலாம்.

வர வேண்டிய எண்ணும் வந்திருக்கும் எண்ணும்

கூரைப் பெட்டிக்கு ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. அதில் சிக்னல் அளவு டிபிஎம் என்னும் அலகில், எதிர்மறை எண்ணாகத் தெரியும். −62 என்பது −78-ஐ விடப் பெரியது, ஆகவே வலுவானது. 3 குறைந்தால் திறன் பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும்.

இந்த எண் எவ்வளவு வர வேண்டும் என்பதை நாமே முன்கூட்டிக் கணக்கிடலாம். பணியாளரிடம் மூன்று விவரங்கள் கேளுங்கள்: கோபுரப் பெட்டியின் பரப்பும் திறன், இரு முனை ஆன்டெனாக்களின் பெருக்கம், அதிர்வெண். எங்கள் இணைப்பில் திறன் 20 டிபிஎம். ஆன்டெனாக்கள் தலா 16 டெசிபல். வெட்டவெளியில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை 2 கிலோமீட்டர் கடக்கும்போது இழப்பது 114 டெசிபல். தூரம் இரு மடங்கானால் இழப்பில் 6-ஐக் கூட்டுங்கள். பாதியானால் 6-ஐக் கழியுங்கள்.

20 + 16 + 16 − 114 = −62.

இதுதான் வர வேண்டிய எண். மூன்று நான்கு முன்பின் இருந்தால் கவலையில்லை. பத்துக்கு மேல் குறைந்தால் குறி தவறியிருக்கிறது அல்லது குறுக்கே ஏதோ இருக்கிறது. ஆகஸ்டில் நாங்கள் பார்த்தபோது −78 இருந்தது. 16 குறைவு, அதாவது வர வேண்டிய திறனில் நாற்பதில் ஒரு பங்குதான் வந்துகொண்டிருந்தது.

அருகிலேயே இரைச்சல் அளவும் இருக்கும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 25 டெசிபலாவது இருந்தால் நல்லது. 4ஜி, 5ஜி பெட்டியாக இருந்தால் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண்ணைப் பாருங்கள். −80-க்கு மேல் மிக நன்று. −100-க்குக் கீழே பலவீனம். −110-க்குக் கீழே பயன்படாது என்றே கொள்ளலாம். எஸ்.ஐ.என்.ஆர். என்ற எண் 20-க்கு மேல் இருந்தால் நன்று. பூச்சியத்தை நெருங்கினால் சிக்னல் முழுதாகத் தெரிந்தாலும் வேகம் வராது.

கையெழுத்துக்கு முன் ஐந்து சோதனைகள்

முதல் சோதனை, கம்பி வழியாக. மடிக்கணினியை அடாப்டரில் நேரடியாகக் கம்பியால் இணைத்துச் சோதியுங்கள். கைப்பேசியில் வைஃபை வழியாகப் பார்த்தால் கோபுர இணைப்பையும் அறைக்குள் உள்ள வைஃபையையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். சில நேரம் கைப்பேசி தன் சொந்த சிம்மின் இணையத்தையே காட்டிவிடும். எங்களுக்கு ஏப்ரலில் காட்டப்பட்டது எது என்று இன்றும் தெரியாது.

இரண்டாவது, பிங் சோதனை. கணினியின் கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளை கொடுத்தால் ஒரு சிறு செய்தி போய்த் திரும்பி வரும் நேரத்தைக் காட்டும். விண்டோஸ் கணினி வழக்கமாக 4 முறைதான் அனுப்பும். 100 முறை அனுப்பச் சொல்லுங்கள். முதலில் கூரைப் பெட்டிக்கு, அடுத்து கோபுரப் பெட்டிக்கு, கடைசியாக வெளி இணையத்தில் ஒரு முகவரிக்கு. கூரை வரை நூறும் திரும்பி, கோபுரத்துக்குப் போனவற்றில் சில தொலைந்தால், கோளாறு காற்றுப் பாதையில். கூரைக்கே தொலைந்தால் கோளாறு நம் கம்பியில். இரண்டும் சரியாக இருந்து வெளியே தொலைந்தால் அது கோபுரத்துக்கு அப்பால். யார் மேல் தவறு என்ற வாக்குவாதத்தை இந்த ஒரு சோதனை முடித்துவைக்கும்.

மூன்றாவது, வேகம். பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் காலை, நண்பகல், மாலை என மூன்று நாள்கள் அளந்து எழுதுங்கள். ஒரு முறை அளப்பது போதாது. அலகில் ஒரு கவனம் வேண்டும். இணைப்பின் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படும். கோப்பின் அளவு மெகாபைட்டில். 8 பிட் ஒரு பைட். நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் 100 மெகாபைட் காணொலி இறங்க 20 நொடி ஆகும்.

நான்காவது, எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில். நம் பள்ளிகளுக்கு இதுதான் உண்மையான சோதனை. நடுத்தரத் தெளிவுள்ள காணொலிக்கு நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் வேண்டும். 10 கணினிக்கு 30. எல்லாக் கணினிகளிலும் காணொலியை ஓடவிட்டு, அதே நேரத்தில் பிங் சோதனையை மீண்டும் செய்யுங்கள். ஆளில்லாதபோது 25 மில்லிநொடி காட்டியது, கணினிகள் ஓடும்போது பல நூறு மில்லிநொடியாக உயர்ந்தால், மதிப்பீட்டு நாளில் திரையில் வட்டம் சுற்றும்.

ஐந்தாவது, மின்தடை. அடாப்டரை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். யாரும் தொடாமலே இணைப்பு திரும்பி வர வேண்டும். எத்தனை நிமிடத்தில் வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் என்ன செய்தோம்?

எண்களைக் குறித்து எடுத்துக்கொண்டு மீண்டும் பேசினோம். "சிக்னல் −62 வர வேண்டும், −78 வருகிறது. கூரைப் பெட்டி வரை நூறும் திரும்புகிறது, கோபுரத்துக்கு 100-இல் 9 தொலைகிறது" என்றோம். இந்த முறை கணினியைக் குறை சொல்லவில்லை. இரண்டு நாளில் ஆள் வந்தார்.

எங்கே மாற்றலாம் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்களே வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். கோபுர ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தில், எங்கள் பெட்டி 8 மீட்டர் உயரத்தில், இடையில் 2,000 மீட்டர். தரை ஏறக்குறைய சமம். 300 மீட்டரில் பார்வைக்கோட்டின் உயரம் 8 + 22 × 300/2000 = 11.3 மீட்டர். மரமோ 12 மீட்டர். அதாவது கோடே இலைகளுக்குள் போகிறது. பெட்டியை மாடியுள்ள புதிய கட்டடத்துக்கு மாற்றினால் உயரம் 12 மீட்டர். அப்போது தோப்பின் மேல் கோடு 12 + 18 × 300/2000 = 14.7 மீட்டரில் போகும். மரத்துக்கு மேல் 2.7 மீட்டர் இடைவெளி. அந்த இடத்தில் ஃபிரெனல் ஆரம் 3.6 மீட்டர், அதில் 60 விழுக்காடு 2.2 மீட்டர். போதும்.

மாற்றினார்கள். சிக்னல் −63. நூற்றுக்கு நூறு பிங் திரும்பியது. 50 மெகாபிட் திட்டத்தில், கம்பி வழியாக மூன்று நாளும் 45-க்குக் குறையவில்லை. அதன் பிறகே தலைமையாசிரியர் கையெழுத்திட்டார். சான்றின் பின்பக்கத்தில் இந்த எண்களையும் எழுதி, வந்த பணியாளரிடமும் கையெழுத்து வாங்கினோம். அவரும் மகிழ்ச்சியாகவே போட்டார். "இப்படி எழுதி வெச்சா எங்களுக்கும் நல்லதுங்க மேடம், சும்மா சும்மா அலைய வேண்டாம்" என்றார்.

ஒரு பக்கப் பதிவேடு

இப்போது ஆய்வகத்தில் ஒரு குறிப்பேடு தொங்குகிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒரு வரி எழுதுகிறோம். நாள், நேரம், வானிலை, சிக்னல், இரைச்சல், மூன்று இடத்துக்கும் பிங்கில் தொலைந்தவை, பதிவிறக்க, பதிவேற்ற வேகம், அப்போது ஓடிய கணினிகளின் எண்ணிக்கை. மழைக்கு மறுநாள் ஒரு வரி கூடுதலாக. பத்து நிமிட வேலை. அந்தத் தேக்கு மரங்கள் இன்னும் வளரும். சிக்னல் மெல்ல இறங்கத் தொடங்கினால், மதிப்பீட்டு நாளில் தெரிவதற்குப் பதில் இந்தக் குறிப்பேட்டில் முன்பே தெரியும்.

இதை எழுதுவது மாணவர்கள்தான். எதிர்மறை எண்களை ஒப்பிட ஏழாம் வகுப்புக்கும், வரைபடம் வரைய எட்டாம் வகுப்புக்கும் இது பயன்படுகிறது. அன்று விடைகளை அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருந்த மாணவிதான் இப்போது குறிப்பேட்டுக்குப் பொறுப்பாளர். இந்த மாதம் எழுதி முடித்துவிட்டு, "மிஸ், −64. ஒண்ணு குறைஞ்சிருக்கு. தோப்பைப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

உங்கள் பள்ளிக்கும் இப்படி ஓர் இணைப்பு வரலாம், ஏற்கெனவே வந்துமிருக்கலாம். வந்திருந்தால் இன்றே முதல் வரியை எழுதி வையுங்கள். இனிமேல்தான் வரப்போகிறது என்றால், சான்றை நீட்டும்போது ஐந்து சோதனைகளும் முடியட்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.